கயலுக்கு: முன் சக்கரத்து உறுமல் பற்றி

அன்புள்ள கயல்,

உன் மாருதி 800-இன் சத்தத்தை நீ போனில் அனுப்பியதைக் கேட்டேன். இன்ஜின் இரைச்சலுக்கு அடியில் ஒரு உறுமல் விடாமல் ஓடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 60-ல் கனக்கிறது என்று நீ எழுதியதும் அதோடு ஒத்துப்போகிறது. வீல் பேரிங்காக (சக்கரம் சுலபமாகச் சுழல அதன் நடுவில் இருக்கும் வளையம்) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பட்டறையில் போய் "பேரிங் போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதே, நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். எந்தச் சக்கரம் என்பதை நீயே கண்டுபிடித்துக்கொண்டு போ. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

முதலில் ரோட்டில் பார். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 60-க்குக் கொண்டுபோய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்துவிடு. இன்ஜின் சத்தம் அடங்கியும் உறுமல் அப்படியே தொடர்ந்து, வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால், அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் மாறினாலோ, ஒரு கியரில் இருந்து இன்னொரு கியரில் மறைந்தாலோ, கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகப்படு. அடுத்து, நீண்ட வளைவில் காதைத் தீட்டிக்கொள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரத்தில் சாய்கிறது. அப்போது உறுமல் கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், பெரும்பாலும் வலப்பக்கத்துப் பேரிங்தான். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். பால் பேரிங்கில் (உள்ளே எஃகுக் குண்டுகள் ஓடும் வகை) சில சமயம் இது தலைகீழாகவும் வரும், அதனால் இதை மட்டும் நம்பிச் சாமான் வாங்கிவிடாதே.

டயரும் இதே குரலில் கத்தும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது கவனி. தளம் மாறியதும் சத்தமும் மாறினால் டயர், மாறாமல் ஓடினால் பேரிங். டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போலக் கையைப் பிடித்தால், டயர் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டு. சத்தம் டயரோடு கூடவே பின்னால் போனால் பேரிங்கைத் தொடவே வேண்டாம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று அடிப்பது, இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். அது வேறு வேலை.

இனி வீட்டில். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடு. முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) உட்கார வை. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் ஒரு விரல்கூட நீட்டாதே. நியூட்ரலில் விட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டு. ஆட்டம் தெரிந்தால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டு. மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மிதித்த பிறகும் இருந்தால் கீழே பால் ஜாயின்ட்டை, அதாவது சஸ்பென்ஷனின் குண்டு மூட்டைப் பார். 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட்.

ஆட்டமே இல்லை என்றாலும் பேரிங் நல்லது என்று முடிவுகட்டாதே. மாருதி 800-இல் முன்னால் இருப்பது பால் பேரிங். உள்ளே குண்டுகள் ஓடும் பாதை குழிவிழுந்து நன்றாக உறுமினாலும் கைக்கு ஆட்டம் தெரியாமல் இருக்கும். அதற்கு ஒரு சோதனை உண்டு: ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மற்றக் கையின் விரல் நுனிகளை மேலே சுருள் ஸ்பிரிங்கில் லேசாக வை. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டது என்றால் மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு விரலில் ஏறும். பிரேக் பேடு லேசாக உரசுவது வேறு, அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'ஷ்ஷ்' என்று வந்துபோகும். இடம், வலம் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் பட்டென்று புரியும். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் கொடுக்க மறந்துவிடாதே.

உறுமல் மட்டும் என்றால் மெதுவாக ஓட்டிப் பட்டறை வரைக்கும் போகலாம். ஆட்டம் இருந்தால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைப் பக்கமே போகாதே. ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) ஆடினால் டிஸ்க் (பிரேக் வட்டு) ஆடும், டிஸ்க் ஆடினால் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாக இறங்கும். வேகத்தில் அது தெரியவந்தால் ஆபத்து.

சாமான் வாங்குவதற்கு வருகிறேன். ஒரு முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் கூலி. கூடவே ஆயில் சீல்கள் (கிரீஸ் கசியாமலும் நீர் புகாமலும் காக்கும் வளையங்கள்), புது ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஊசி). எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லி வற்புறுத்துவார்கள். அது அமைதியாக இருந்தால் விட்டுவிடு. சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஹப் மூழ்க ஓட்டியிருந்தால் மட்டும் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது சீல் இடுக்கு வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில வாரம் கழித்துத்தான் துருவும் சத்தமும் வரும்.

பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணை முழுசாக எழுதிக்கொள், வாலில் வரும் எழுத்துகளோடு. பால் பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளை மில்லிமீட்டரில் வரும்: 05 என்றால் 25, 06 என்றால் 30. (04-லிருந்துதான் இந்தக் கணக்கு. 03 என்றால் 17, 02 என்றால் 15.) 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி. சி3 என்றால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இறுக்கி ஏற்றும்போது வளையம் அமுங்கி அந்த இடைவெளி குறையும் என்பதற்காக வைப்பது அது. பழையதில் சி3 இருந்து, கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சாதாரணத்தைக் கொடுத்தால் வாங்காதே, சூடேறிச் சீக்கிரம் போகும். எஸ்.கே.எஃப்., என்.பி.சி., எஃப்.ஏ.ஜி. எதுவானாலும் சரி, அங்கீகரித்த டீலரிடம் பில்லோடு வாங்கு. இந்தப் பெயர்களில் போலி நிறைய. பெட்டி அசலாக இருந்தும் உள்ளே போலி இருக்கும்.

இப்போது வேலை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டின் ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, நட்டைத் தளர்த்து. தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும். பிறகு முன்போலத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தையும், அப்புறம் காலிப்பரையும் (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) கழற்று. கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டு. டை ராட் எண்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுப் பிரி. ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங் உள்ள ஷாக் அப்சார்பர்) நக்கிள் (பேரிங்குகளைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவை உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். பால் ஜாயின்ட்டையும் எடுத்தால், டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்துவிடாமல் நக்கிளைத் தனியாக உருவலாம். இதுவரை நீயே செய்யலாம். மேற்கொண்டு நக்கிளையும் புதுப் பேரிங்குகளையும் பையில் போட்டுக்கொண்டு, ஹைட்ராலிக் பிரஸ் (எண்ணெய் அழுத்தத்தால் அமுக்கும் எந்திரம்) உள்ள லேத் பட்டறைக்குப் போ. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதே.

அங்கே பக்கத்திலேயே நின்று பார். ஹப்பை வெளியே தள்ளும்போது பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். கிரைண்டரால் வளையத்தில் முக்கால் ஆழம் அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். ஹப்பில் கீறல் விழக்கூடாது. நக்கிளின் துளையைத் துடைத்து வெளிச்சத்தில் பார். பளபளவென்று வட்டக் கோடுகள் இருந்தால் பழைய வெளிவளையம் உள்ளேயே சுற்றியிருக்கிறது, துளை பெரிதாகிவிட்டது. அப்போது சிலர் பஞ்ச் வைத்து உள்சுவரில் புள்ளி புள்ளியாக அடித்து, "பிடிச்சுக்கும் மேடம்" என்பார்கள். அந்தப் புள்ளிகளின் முனை மட்டும்தான் பிடிக்கும், கொஞ்ச நாளில் தேய்ந்து மறுபடி சுற்றும். அந்த நிலைக்கு நக்கிள்தான் மாற்ற வேண்டும்.

ஏற்றும்போது ஒரே ஒரு விதி: எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்த வேண்டும். நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில். ஹப்பை ஏற்றும்போது கீழே உள்வளையத்துக்கு முட்டு கொடுத்துத்தான் தள்ள வேண்டும். மாற்றிச் செய்தால் அத்தனை டன்னும் குண்டுகள் வழியாகப் பாயும், பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். புது பேரிங் முதல் நாளே உறுமுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், பழி மட்டும் கம்பெனிக்குப் போகும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் ஸ்பேசர் இருக்கும். பழைய கிரீஸில் மறைந்து குப்பையோடு போய்விடும், எண்ணி எடுத்து வை. அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, குண்டுகள் நசுங்கும். சீல் போட்ட பேரிங்குக்கு மேற்கொண்டு கிரீஸ் தேவையில்லை. ஒரு பக்கம் திறந்திருந்தால் லித்தியம் வீல் பேரிங் கிரீஸ், காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. அடைத்துத் திணித்தால் கிரீஸ் கடைந்து சூடாகும், சீலைத் தள்ளிக்கொண்டு டிஸ்க்கில் வழியும். சீலின் உதட்டில் மட்டும் கொஞ்சம் தடவச் சொல்.

திரும்பப் பூட்டும்போது நக்கிளைச் சாக்பீஸ் கோட்டில் உட்கார வை. நட்டைக் கையால் இறுக்கிவிட்டு, சக்கரம் போட்டு, தரையில் இறக்கி, உன் வருடத்து வண்டிக்கான சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கு. இறுக்கி முடிக்கும்வரை வண்டியை ஒரு அடிகூட உருட்டாதே, தளர்ந்த நட்டோடு பாரம் சுமந்து உருண்டால் பேரிங் கெடும். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் நட்டின் அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கு, தளர்த்தாதே. (ஜீப், சுமோ போன்றவற்றின் டேப்பர் பேரிங்குக்கு, அதாவது கூம்பு உருளைகள் உள்ள வகைக்கு, இதற்கு நேர்மாறு, அங்கே தளர்த்தித்தான் பின் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் உன் வண்டியில் கை வைப்பவரைத் தடுத்துவிடு.) நகர்த்துமுன் பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்துக்கொள். அடுத்த வேலை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது.

10, 15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையை நீட்டிப் பார். இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்பு இருக்கலாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பேரிங் இறுக்கம், அல்லது காலிப்பர் பிடித்திருக்கிறது. 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சத்தம் பின்னால் என்று தெரிந்தால் வேலை சுலபம். அங்கே பேரிங்குகள் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கின்றன. டிரம்மைக் கழற்றி லேத்துக்கு எடுத்துப் போனால் போதும், ஸ்பேசர் விஷயம் அங்கேயும் அதேதான். டிரம்மில் படிந்த தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊத விடாதே, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல். டார்க் ரெஞ்சை நாளை பார்சலில் போடுகிறேன், திருப்பி அனுப்பும்போது அளவைக் கீழே இறக்கி வைத்து அனுப்பு.