லாபம், ரெண்டு, மூணு: வைப்பறையில் என்னோடு இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள காப்பாட்சியர் அம்மாவுக்கும், வைப்பறை அண்ணனுக்கும், தமிழையா அவர்களுக்கும், நெல் அளக்கும் மரக்கால் கொடுத்த பாட்டிக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமையோடு அருங்காட்சியகத்தில் என் பயிற்சிக் காலம் முடிந்தது. கிளம்பும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. சாவியை மேசைமேல் வைத்து, "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

சோழர் காசு பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு காசைக் கையில் ஏந்தியது உங்கள் மேசையில்தான், அம்மா. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்து, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி தாசில்தார் அலுவலகம் வழியாக வந்து சேர்ந்த செப்புக்காசுகள் அவை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதனருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. கெட்டியாகப் படிந்த பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம், மாவு மாதிரி உதிரும் வெளிர்பச்சையைக் கண்டால் உடனே சொல் என்றீர்கள். உள்ளே தங்கிய உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னுகிற நோய் அது. அப்படி இரண்டு காசு கிடைத்தன. தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தோம். நீல மணிகள் ஈரம் குடித்து ரோஜா நிறமாகிவிட்டனவா என்று காலையில் வந்ததும் பார்ப்பது என் முதல் வேலையானது. இப்போது வீட்டிலும் காலை எழுந்ததும் அந்த நினைப்புதான் வருகிறது.

பானை ஓட்டில் பதிவெண் எழுதக் கற்றதை மறக்க மாட்டேன். ஓட்டின் உள்பக்கம், கீறல் குறியோ உடைந்த விளிம்போ இல்லாத இடமாகப் பார்த்து, பாரலாய்டு என்ற செயற்கைப் பிசினை அசிட்டோனில் கரைத்து நகப்பூச்சு போல ஒரு கீற்றுப் பூச வேண்டும். காய்ந்த பிறகு அதன்மேல் மெல்லிய பேனாவால் எண். அதற்கும் மேலே இன்னொரு பூச்சு. பின்னாளில் யாருக்காவது அந்த எண் வேண்டாமென்றால் ஓட்டுக்குச் சேதமில்லாமல் துடைத்து எடுத்துவிடலாம். நாம் செய்வது எதையும் நமக்குப் பின் வருகிறவர் பிரிக்க முடிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதன் பொருள் அந்தக் கீற்றில்தான் எனக்குப் புரிந்தது.

அண்ணா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. மூன்றாவது வாரம் இரண்டு பை ஓடுகளை ஒரே நாளில் கழுவ எடுத்தேன். துண்டுச்சீட்டுகள் நனைந்து கழன்று, எந்த ஓடு எந்தப் பையில் இருந்தது என்றே தெரியாமல் கலந்துவிட்டன. தவறு முழுக்க என்னுடையது. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் என்னோடு தரையில் உட்கார்ந்து, இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணின் நிறம், ஓட்டின் கனம், விளிம்பு வளைவு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தீர்கள். கறுப்பு சிவப்பு ஓடுகள் கிட்டத்தட்ட எல்லாம் இடம் சேர்ந்தன. பதினோரு துண்டு மட்டும் நின்றுவிட்டது. ஏதோ ஒரு பையில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அம்மா பதிவேட்டை இழுத்து, அந்தப் பதினொன்றுக்கும் நேரே "கிடைத்த இடம் உறுதியில்லை" என்று தன் கையாலேயே எழுதினார்கள். எங்கே கிடைத்தது என்ற செய்தி போனால் பாதிப் பொருள் போனது மாதிரி. அதை ஊகித்து எழுதினால் மீதிப் பாதியும் போய்விடும். பாடப்புத்தகத்தில் இது எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழையா, ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து எனக்குப் பழைய ஓலை ஏடு படிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்பில் வேறுபாடு கிடையாது, ரகரமும் காலும் ஒரே கோடு. முதல் ஏட்டில் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அது நிலக்கணக்கு என்று தெரிந்ததும், மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று நீங்கள் வாய்ப்பாடாகவே பாடினீர்கள். நூறு வயது ஏட்டுக்கு முன்னால் உங்கள் குரல் கேட்டது எனக்குக் கிடைத்த பேறு. இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களைச் சுத்தம் செய்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவக் காட்டிக்கொடுத்த அக்காவுக்கும் என் வணக்கம். மழை நாளில் ஒழுகும் இடமெல்லாம் வாளி வைத்துக் காத்த காவலர் ஐயாவுக்கும்.

கடைசியாகப் பாட்டிக்கு. இரும்புப் பட்டை போட்ட மரக்காலும், படி, உரி, உழக்கு, ஆழாக்குமாகக் கோணிப்பையில் கட்டிப் பேரனின் வண்டியில் கொண்டுவந்தீர்கள். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நான் படித்த கணக்கைச் சொன்னேன். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் தாயி என்று திருத்தினீர்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவோம் என்று களத்தில் நிற்பது போலக் கையை வீசி அளந்து காட்டினீர்கள். பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அதை அப்படியே, உங்கள் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன்.

பதிவெண்ணை மரக்காலின் அடியில் எழுதினேன், நின்ற நிலையில் வெளியே தெரியாது. வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொன்னீர்களே, பாட்டி. அன்றைக்கு நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பயிற்சி மாணவி