மடைப்பள்ளிக் களஞ்சிய அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பிரதேசத்தில் உள்ள எமது பிள்ளையார் கோவிலின் அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் பரிபாலன சபையின் வணக்கம்.

மடைப்பள்ளிக்குப் பின்னால், வேம்பின் கீழ் நிற்கும் பழைய களஞ்சிய அறையின் திருத்த வேலைகள் ஆவணியுடன் நிறைவெய்தின. கோவில் வயல் நெல்லும் பொங்கல் பானைகளான வளந்துகளும் கிடாரங்களும் ஒருகாலத்தில் இந்த அறையில்தான் இருந்தன.

இடித்துவிட்டுக் கொங்கிறீட்டில் புதிதாகக் கட்டலாம் என்பதே பொதுக்கூட்டத்தில் பலரின் எண்ணம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் சிலர் அதற்குப் பணம் தரவும், வாசலில் பெயர்க்கல் பதிக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் தச்சு வேலை செய்யும் ஓடாவியார் ஏணி வைத்து ஏறி, மரம் மரமாக உளியால் குத்திப் பார்த்த பின்னர் சபை மனம் மாறியது. கூரையைத் தாங்கும் உத்தரங்களான தீராந்திகள் பாலை மரம். உளி ஒரு நெல்மணி ஆழத்துக்கும் இறங்கவில்லை. உக்கியிருந்தவை வடகிழக்கு மூலையின் பனங்கைமரங்களும் அவற்றின் மேல் ஓடு தாங்கும் சிலாகைகளும்தான். அந்தத் தரத்தில் பாலை மரத்தை இன்று எந்த மரக்காலையில் தேடுவது?

மூலை உக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பின் ஊர் திரும்பியபோது கூரையில் பாதி ஓடு இல்லை. தறப்பாளும் தகரமும் போட்டுச் சமாளித்தோம். மடைப்பள்ளிக் கூரையோடு சேரும் இடத்தில் மழைநீர் வடியும் பீலி முறிந்து, மாரி மழை முழுவதும் அந்தச் சுவருக்குள் இறங்கியது. வாடைக்காற்று சாரலை அறைவதும் அதே பக்கம். போதாததற்கு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவருக்கு யாரோ நல்லெண்ணத்துடன் சீமெந்து பூசியிருந்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தில் ஏறியது. ஈரத்தைத் தேடிக் கறையான் வந்தது. பூச்சை உடைத்தபோது கைமரம் வெளியே கறுத்த வைரத்துடன் முழுசாகத் தெரிந்தது. விரலால் அழுத்தியதும் உள்ளே இருந்து புற்றுமண் கொட்டியது.

ஆகவே முதலில் தண்ணீரைத்தான் கவனித்தோம். பீலியை அகலமாக்கி, சுவரடி மண்ணை வெட்டித் தாழ்த்தி, மழைநீர் கேணிப் பக்கம் ஓட வாய்க்கால் எடுத்தோம். பிறகு சீமெந்துப் பூச்சை முழுவதும் கொத்தி நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். நீற்றிய சுண்ணாம்பில் கைபழகிய மேசன்மார் இப்போது அரிது. தண்ணீரூற்று ஊரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவருக்கு அதைப் பழக்கிவிட்டுப் போனார். சபையின் கணக்கில் அதுவும் வரவுதான்.

உக்கிய கைமரங்களுக்குப் பதிலாகப் பனை தறிக்க அனுமதி வேண்டும். வேலை தாமதமானது என்று குறைப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தச்சு வேலையைவிட அனுமதிக்காகக் காத்திருந்த காலமே நீண்டது. போர்க்காலச் செல்லடியில் தலை இழந்து நிற்கும் பனைகளைத் தறிக்கலாமே என்றார்கள். வட்டு இல்லாத பனை நின்றபடியே உள்ளால் உக்கிவிடும். அது கூரைக்கு ஆகாது. முற்றிய பனையே வாங்கினோம். சுவரில் அமரும் நுனிகளுக்குக் கழிவு எண்ணெய் பூசி, காற்றோட்டத்துக்கு இடைவெளியும் விட்டிருக்கிறோம்.

எஞ்சியிருந்தவை கள்ளிக்கோட்டை ஓடுகள். இக்கால ஓடுகள் அவற்றுடன் கொளுவாது. கலந்து வேய்ந்தால் சோளகக் காற்றில் வழுகி, மாரியில் ஒழுகும். அதனால் பழையவற்றைக் கழுவி வாசல் பக்கச் சரிவிலும், புதியவற்றைப் பின்சரிவிலும் தனித்தனியே வேய்ந்தோம். இரண்டு நிறமாக இருக்கிறது என்பவர்களுக்குச் சபையின் பதில்: ஒழுகவில்லை.

நெல் இனி இங்கு வைக்கப்படமாட்டாது. நெல் மணத்துக்கு யானை வந்தால் சுண்ணாம்புச் சுவரும் நிற்காது, சீமெந்துச் சுவரும் நிற்காது. வளந்துகளும் கிடாரங்களும் பந்தல் சாமான்களும் மட்டுமே வைக்கப்படும்.

வரவு செலவு விபரம் பற்றுச்சீட்டுகளுடன் பொருளாளரிடம் உள்ளது, யாரும் பார்வையிடலாம். சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கும், வேலை நாட்களில் சமைத்த தாய்மாருக்கும் நன்றி. கதவு இன்னும் பழையதே; அதற்கு முதிரைப் பலகை தருவதாக ஓர் உபயகாரர் சொல்லியிருக்கிறார்.

மிஞ்சிய ஓடுகள் மடைப்பள்ளிச் சுவரோரம் அடுக்கப்பட்டுள்ளன. அவை அடுத்த மாரிக்கானவை. கோழிக்கூட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

பரிபாலன சபை