ஐநூறைத் தாண்டினால் 225 ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடக்கிற மின் கணக்கெடுப்பை மாதாமாதம் வைக்க வேண்டும் என்று உங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் விடாமல் எழுதுகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் திமுக கொடுத்த வாக்குறுதி அது. அப்புறம் கேட்டபோது, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு என்று பதில் வந்தது. கொடுத்த வாக்கைக் கேட்பது நியாயம்தான். மாதாமாதம் எடுத்தால் பில் தானாகக் குறைந்துவிடும் என்று டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் பேசிக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் குடும்பம் நடத்துகிறவள். வீட்டுக் கணக்கும் பால் கணக்கும் என் பொறுப்பு. மின் கட்டணத்தையும் அப்படித்தான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் கூட்டல் பெருக்கல்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடித்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய் ஆகிறது. இப்போது 501 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். அதோடு விட்டால் பரவாயில்லை. 101 முதல் 200 வரை 2.25 என்று இருந்ததும் 4.50 ஆகிவிடும். ஏற்கெனவே ஓடி முடிந்த 100 யூனிட்டுக்குப் பழைய விலையை மாற்றி 225 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். பில் 1958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் மறுபடியும் ஏறியது, கணக்குப் போடும் முறை மட்டும் அப்படியே இருந்தது.

இதில் ரீடிங் எடுக்கிற நாள் முக்கியமாகிறது. ஒரு வீட்டில் 60 நாளில் 492 யூனிட் ஓடுகிறது என்றால் நாளுக்கு எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சரியாக அறுபதாம் நாள் எடுத்தால் பில் 1677 ரூபாய். நடுவில் இரண்டு நாள் லீவு, ரீடிங் எடுக்கிற தம்பி அறுபத்திரண்டாம் நாள் வருகிறார். அப்போது மீட்டர் 508 காட்டும். பில் 2014. வித்தியாசம் 337 ரூபாய். கூடுதலாக ஓடிய 16 யூனிட்டின் விலை 112 ரூபாய்தான். மீதி 225 ரூபாய் இரண்டு நாள் தள்ளியதற்கு.

அடுத்த முறை 58 நாள்தானே வரும், சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். யூனிட் சரியாகும். 225 ரூபாய் எப்படித் திரும்பும்? தள்ளி வந்த தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர், நாயும் துரத்துகிறது. நாள் கூடினால் அதற்கேற்ப எல்லையும் கூட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அறுபது நாளுக்கு 500 என்றால் 66 நாளுக்கு 550. கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர்களுக்கு இது ஒரு கணக்கா?

சரி, மாதாமாதம் எடுத்தால் என்ன ஆகும்? எல்லையைப் பாதியாக்குவார்கள், 500 என்பது 250 ஆகும். மார்ச்சில் 200, ஏப்ரலில் 280 ஓடுகிறது என்றால் இப்போதைய முறையில் இரண்டும் சேர்ந்து 480, தப்பித்தோம். மாதாமாதம் என்றால் மார்ச் தப்பிக்கும், ஏப்ரல் மாட்டிக்கொள்ளும். எங்கள் பக்கம் மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டால் ஏசியும் மோட்டாரும் கிரைண்டரும் ஓய்வதில்லை. அந்த ஒரு மாதம் தனியாக நின்று அடி வாங்கும். தேதி தவறாமல் எடுப்பார்கள், செலவு முன்கூட்டியே தெரியும் என்றால் மாதாமாதம் வரட்டும். அதை மட்டும் கொடுத்துவிட்டு இந்த 225 ரூபாய் விஷயத்தைத் தொடாமல் விட்டால், வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டோம் என்று மேடையில் பேச உதவும். எங்களுக்கு உதவாது.

இதையெல்லாம் நம் வீடுகளில் ஏன் யாரும் பார்ப்பதில்லை என்றும் யோசித்தேன். முன்பெல்லாம் மீட்டர் பெட்டியில் சொருகியிருக்கும் அட்டையில் ரீடிங்கையும் தொகையையும் எழுதிவிட்டுப் போவார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு ஈபி ஆபீசில் வரிசையில் நிற்கிறவர், போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும். இப்போது எங்கள் வீட்டு இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. பதிவு செய்த செல் நம்பர் பெங்களூரில் இருக்கிற மகனுடையது. அவன் ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும்போது குறுஞ்செய்தி போகிறது, அங்கேயே ஜிபேயில் கட்டிவிடுகிறான். எத்தனை யூனிட் என்று கேட்டால், "அது அன்னிக்கே கட்டியாச்சுங்மா, நீங்க ஏன் அதைப் போட்டுக் கொழப்பிக்கறீங்க" என்கிறான். கட்டுகிறவன் மீட்டரைப் பார்ப்பதில்லை, மீட்டர் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குப் பில் வருவதில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தோட்டத்தில் என்று இருக்கிற வீடுகள் எத்தனையோ. அத்தனையிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் பால் சங்கத்தில் பால் ஊற்றியதும் கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மீதிச் சத்து) எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை என்று சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயே நின்று கேட்கலாம். மின்சாரத்துக்கும் அப்படி ஒரு சீட்டை வாசலிலேயே கொடுக்கலாம். முந்தைய ரீடிங், இன்றைய ரீடிங், எத்தனை நாள், எந்த ஸ்லாப் (விலைப் படி) என்று நான்கு வரி போதும்.

பில் கண்ணில் படாமல் போனதால் இன்னொரு தொல்லையும் வந்திருக்கிறது. "பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்குப் பேசவும்" என்று மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்தி. கட்டியாகிவிட்டதா என்று தெரியாத பெரியவர்கள்தான் பதறிப் போய்ப் பேசுகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும். மின்சாரப் புகார் என்றால் மின்னகம் எண் 94987 94987. இரண்டையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மின் கட்டணத்துக்காக உயிரையே கொடுத்த மண் இது. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையை நிறைத்தார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். விசைத்தறிக்காரர்கள் சங்கம் வைத்துக் கேட்டார்கள், 750 யூனிட்டாக இருந்த இலவசம் 2023-ல் 1000 ஆனது. கொடுக்கட்டும், என் தம்பி மகனும் தறி ஓட்டுகிறவன்தான். அதே வருடம் செப்டம்பரில் சிறுதொழில்காரர்கள் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்து ஒருநாள் பட்டறைகளை மூடினார்கள். வீட்டு இணைப்புக்காரர்களுக்கு மட்டும் சங்கமும் இல்லை, கேட்கிற ஆளும் இல்லை. 2022 கட்டண உயர்வுக்கு முன்னால் ஆகஸ்டில் கோவையில், கட்டணத்தை முடிவு செய்கிற மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. அங்கே எத்தனை குடும்பப் பெண்கள் போய்ப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அரசியலில் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. மின்துறை அமைச்சர் பதவி பல வருடம் நம் பக்கம்தான் இருந்தது. குமாரபாளையம் தொகுதி தங்கமணி 2016 முதல் 2021 வரை, அப்புறம் கரூர் செந்தில் பாலாஜி. கட்சி இரண்டு, ஊர் பக்கம் பக்கம். ஊராட்சியில் போய்ச் சொல்லலாம் என்றால், 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. தலைவர் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வாசலில் போய், "ஏனுங்க, இதைக் கொஞ்சம் ஈபி ஆபீசில் கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லலாம். அலுவலரிடம் அப்படிப் போய் நிற்க முடியுமா? கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் பத்துப் பேர் கூடச் சேர்ந்து கேட்பார்கள், அதை மட்டும் நம்பியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "225 ரூபாய்க்கு இவ்வளவு எழுத்தா அம்மிணி" என்று சிரித்தார். வருடத்துக்கு ஆறு பில். ஆறும் தாண்டினால் 1350 ரூபாய், அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐநூறைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை வாங்கட்டும், கீழே இருக்கிறதைத் தொட வேண்டாம். கட்டணத்தை முடிவு செய்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இப்போது நடப்பில் இருக்கிற கட்டண அட்டவணையை, 500-க்குக் கீழே தனியாக, மேலே தனியாக, வயதானவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அரைப் பக்கம் போடுங்கள். கத்தரித்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.