ஊசியைக் கையில் கொடுக்கும் முன்: மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம், ஆய்வகப் பயிற்சி தரும் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். இரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி எப்படிப் பரவும் என்று கேட்டால் உங்கள் மாணவர்கள் சரியாகவே சொல்வார்கள். "நீ அதற்கான தடுப்பூசி எத்தனை தவணை போட்டிருக்கிறாய், டைட்டர் (இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு) எவ்வளவு?" என்றால்தான் தடுமாறுவார்கள். சின்ன வயதில் போட்டதாக அம்மா சொன்னார் என்பது போதாது. எழுத்தில் சான்று வேண்டும்.

தடுப்பூசி அட்டவணை 0, 1, 6 மாதம். வார்டுக்கு அனுப்பும் வாரத்தில் முதல் ஊசி போட்டால், மூன்றாவது தவணை வருவதற்குள் அந்த மாணவர் எத்தனையோ பேருக்கு இரத்தம் எடுத்து முடித்திருப்பார். ஆகவே சேர்க்கையன்றே தொடங்குங்கள். நடுவில் ஒரு தவணை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து போட வேண்டாம். மேற்கையின் டெல்டாய்டு தசையில்தான் போட வேண்டும், புட்டத்தில் போட்டால் எதிர்ப்பாற்றல் சரியாக உண்டாகாது. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். உறைந்துபோன குப்பி குப்பைக்குத்தான்.

கடைசித் தவணைக்கு 1 முதல் 2 மாதத்துக்குள் டைட்டர் பாருங்கள். மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் இன்னொரு முறை மூன்று தவணை, மறுபடி பரிசோதனை. பல ஆண்டு கழித்துப் பார்த்தால், ஊசி வேலை செய்யவே இல்லையா, வேலை செய்து அளவு மட்டும் இறங்கியதா என்று பிரித்தறிய முடியாது.

மூடியை ஒரு கையிலும் பயன்படுத்திய ஊசியை மறு கையிலும் பிடித்துத் திரும்ப மாட்டப் போகும்போதுதான் விரலில் குத்துகிறது. மூடாமல் அப்படியே கூர்கழிவுப் பெட்டியில் போடப் பழக்குங்கள். பெட்டி வார்டின் கடைசியில் இருந்தால் என்ன சொன்னாலும் மூடத்தான் செய்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், முக்கால் பங்கு நிரம்பியதும் மாற்றுங்கள். மேசையில் காய்ந்த இரத்தத்தில்கூட இந்தக் கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும்.

ஊசி குத்திவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, பிளீச் ஊற்றக் கூடாது. நோயாளிக்குத் தொற்று இருந்து, மாணவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மி.லி. ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த எதிர்ப்புப் பொருள் ஊசி) வேறோர் இடத்தில் தடுப்பூசியும் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் கொடுப்பதே நல்லது. 7 நாள் தாண்டினால் பயன் உறுதியில்லை. திட்டு விழும், விளக்கக் கடிதம் எழுதச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் மாணவர்கள் இந்த மணி நேரங்களைக் கரைக்கிறார்கள். இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் அவர்களிடம் இருக்கட்டும், கண்டிப்பு வேண்டாம்.

பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பதாக வந்தவரைப் படிப்பிலிருந்து விலக்காதீர்கள். பெரும்பாலான பணிகளுக்கு எந்தத் தடையும் இல்லை; சில அறுவைப் பணிகளுக்கு மட்டும் கிருமி அளவைப் பார்த்து நிபுணர் குழு முடிவு செய்யும். ஒருவரை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள்.

வரும் சேர்க்கையிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று தவணைத் தேதிகளும் டைட்டர் அளவும் குறித்த ஒரு தாள் வையுங்கள். அதை மாணவர் நலப் பிரிவு தவிர வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பயிற்றுநர்கள்