கரடிக்கு விருந்து வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்லாந்தில் காட்டுக் கரடியைக் காட்டிச் சுற்றுலா நடத்துகிறார்கள், கோத்தகிரியிலும் தொடங்கினால் என்ன என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் கேட்டிருந்தார். என் மகள் அந்த நாட்டில்தான் வேலை பார்க்கிறாள். ரஷ்ய எல்லையை ஒட்டிய குஹ்மோ பகுதிக் காட்டில், கரடி பார்ப்பதற்கென்றே கட்டிய மரக்குடிலில் அவளோடு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாலையில் உள்ளே போனால் மறுநாள் காலைதான் வெளியே வரலாம். நடுவில் கதவைத் திறக்கக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, சென்ட் பூசியிருக்கக் கூடாது. பேச்சும் காதோடு காதாகத்தான். ஜூன் மாதம் என்பதால் நள்ளிரவிலும் வெளிச்சம் இருந்தது. பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து பழுப்புக் கரடி ஒன்று ஆடி அசைந்து வந்தது. தோளில் திமில் போலப் புடைப்பு. நம் கரடியைவிட மிகப் பெரிய உருவம். ஆண் கரடி 300 கிலோகூட இருக்கும் என்றார்கள். பாறாங்கல் ஒன்றை முன்னங்காலால் நிதானமாகப் புரட்டி, அடியில் இருந்ததைத் தின்றது. அண்டங்காக்கைகள் சுற்றி நின்று மிச்சத்துக்குத் தவம் கிடந்தன.

கல்லுக்கு அடியில் இருந்தது மீன். நாங்கள் வருவதற்கு முன்பே வழிகாட்டி வைத்தது. வாசகர் எழுதாமல் விட்டது இதைத்தான். அங்கே தீனி போட்டுத்தான் கரடியை வரவழைக்கிறார்கள். ஊரைவிட்டு வெகுதொலைவில், குடியிருப்பே இல்லாத காட்டில் அது நடக்கிறது. குளிர்காலம் முழுக்கக் கரடி வளைக்குள் தூங்கியும் விடுகிறது.

நம் கரடிக்கு அந்தத் தூக்கம் கிடையாது. ஆண்டு முழுக்கப் பசிதான். கறையானை உறிஞ்சித் தின்பதற்கு வசதியாக மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாத பிராணி, இன்று பாமாயிலுக்குப் பழகிவிட்டது. ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தபோது கண்ணால் கண்டிருக்கிறேன். கதவை நெம்பித் திறந்து, எண்ணெய் பாக்கெட்டுகளைத் தேடிப் பிடித்துக் கிழித்து நக்கியிருக்கும். சர்க்கரை மூட்டை கிழிந்து தரையெல்லாம் இறைந்திருக்கும். துவரம் பருப்பு மட்டும் வைத்தது வைத்தபடி. குறைந்த சரக்குக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கக் கரடி வருவது இங்கே யாருக்கும் புதிதல்ல.

பழுப்புக் கரடி மனித வாடை பட்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். நம் கரடியோ கிட்டத்தில் ஆளைக் கண்டு மிரண்டால் ஓடாது, பாயும். முகத்தையும் தலையையும் குதறிவிடும். இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்குள் அது படுத்திருந்தால் தெரியவே தெரியாது. அதனால்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் சத்தமாகப் பேசிக்கொண்டே தோட்டத்தில் இறங்குகிறார்கள்.

இந்த லட்சணத்தில், எங்கள் பகுதியில் ஒரு விடுதி பலாச்சுளையையும் மீந்த கேசரியையும் பின்புறச் சரிவில் கொட்டி விருந்தினர்களுக்குக் கரடி காட்டுகிறது. பெயரைச் சொல்லவில்லை, ஊருக்கே தெரியும். ராத்திரி வேடிக்கை பார்த்தவர்கள் காலையில் காரேறிப் போய்விடுகிறார்கள். அதே சரிவுக்குக் கீழேதான் எட்டு மணிக்குப் பெண்கள் கூடையோடு இறங்க வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் கரடியும் இருக்கிறது. விடுதிகளின் சமையல் கழிவு எங்கே போகிறது என்று வனத்துறை ஒரு மாதம் இரவில் வந்து பார்க்கட்டும். பின்லாந்திலிருந்து எதையாவது கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால், அந்தக் குடிலின் அமைதியைக் கொண்டுவரலாம். கரடியைக் கண்டதும் ஹாரன் அடித்துச் செல்போனோடு துரத்துகிறவர்களுக்குப் பயன்படும். கோத்தகிரிக்கு உடனடித் தேவை, பூட்டுப் போடும் மூடியுள்ள இரும்புக் குப்பைத் தொட்டிகள். இப்போதுள்ள பிளாஸ்டிக் தொட்டியைக் கரடி ஒரே தட்டில் கவிழ்த்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
அரவேணு, கோத்தகிரி.