எங்கள் சனத்தின் கையில் நலொக்சோனைச் சேர்த்தவர்களுக்கு

ஸ்காபரோவில் வாழும் எங்கள் உறவுகளுக்கு வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்காவின் மகன் தன் அறையில் மூச்சின்றிக் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அக்கா அந்த அறைக்குப் போய், பிள்ளை குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று விளக்கை அணைத்துவிட்டு வந்திருந்தார். அது மூச்சு அடங்குகிற சத்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஓபியோயிட் என்ற வகைப் பலமான நோவு மருந்தாலோ போதைப்பொருளாலோ அடங்குகிற மூச்சைத் திருப்பித் தருகிற மூக்கு மருந்துதான் நலொக்சோன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துப் பார்மசியில் அது இலவசமாகக் கிடைக்கும் என்பதே அந்தியேட்டி முடிந்த பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது.

ஒன்ராறியோவில் 2016 இலிருந்து பார்மசிகள் அதைக் காசில்லாமல் கொடுக்கின்றன. வைத்தியரின் துண்டு வேண்டாம், ஹெல்த் கார்டும் வேண்டாம். ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிற தெரிந்தவர் என்ன நினைப்பாரோ என்று எங்கள் சனம் அதைக் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தைக் கொஞ்சமாவது கரைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பார்மசித் தங்கச்சிக்கு. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்த அம்மாவுக்கு ஹைட்ரோமோர்ஃபோன் குளிசை வாங்கப் போயிருந்தேன். "அக்கா, இதுவும் ஓபியோயிட்தான். அம்மா மறந்துபோய் இரண்டு தரம் போட்டாலும் மூச்சு மந்தமாகும், பேரப்பிள்ளை எடுத்து விழுங்கினாலும் அப்படித்தான். ஒரு நலொக்சோன் கிட் கொண்டுபோங்கோ" என்றார். யாருக்கு, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. நோவுக்குக் குளிசை எடுக்கிற வீடு எங்களுக்குள் எத்தனை! அந்த வாசலால் கூப்பிட்டால் சனம் வரும் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

நலொக்சோன் பாவிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நடத்த இரண்டு மண்டபங்களில் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். மூன்றாவதாகக் கேட்ட கோயிலின் நிர்வாகசபை, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு மண்டபத்தைத் தந்ததோடு தேத்தண்ணியும் போட்டுத் தந்தது. ஐயா பூசை முடிவில் தானே அறிவித்தார். அவர் வாயால் வந்ததால்தான் அத்தனை அம்மாமார் எழும்பிப் போகாமல் இருந்தார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம் அந்த உயர்தரப் பள்ளிப் பிள்ளைகள். செய்முறைத் தாளைத் தமிழில் எழுதப் புகுந்து, "ஓவர்டோஸ்" என்ற முதற்சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். மிகையளவு, அளவு மீறுதல் என்று பலதும் எழுதிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி வாசித்துவிட்டு, "மூச்சு அடங்குது எண்டு எழுதுங்கோ பிள்ளையள், எல்லாருக்கும் விளங்கும்" என்றார். இப்போது தாளின் தலைப்பே "மூச்சு அடங்கினால்" என்பதுதான். தோளைத் தட்டிப் பலமாகக் கூப்பிடுங்கள், 911 ஐ அழையுங்கள், ஒரு மூக்குத் துவாரத்தில் முழுவதையும் அடியுங்கள், மூச்சுக் கொடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பாவிட்டால் மற்றத் துவாரத்தில் இரண்டாவதை அடியுங்கள் என்று போகிறது. சோதித்துப் பார்க்க அழுத்திவிடாதீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஒன்றில் ஒரு தரத்துக்குத்தான் மருந்து. உடம்பில் ஓபியோயிட் இல்லாதவருக்கு அடித்தாலும் கேடு வராது என்ற வரியைக் கண்ட பிறகுதான் பலருக்கு அதைத் தொடவே துணிவு வந்தது.

"பொலிஸ் வந்து பிள்ளையைப் பிடிக்காதோ?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். சட்டம் படிக்கிற தம்பி சலிக்காமல் விளக்குவார். 911 ஐ அழைத்தவர் மீதும் அந்த இடத்தில் இருப்பவர்கள் மீதும், போதைப்பொருளை வெறுமனே வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது என்று 2017 இல் கனடா சட்டம் கொண்டுவந்தது. விற்பனைக் குற்றத்துக்கும் ஏற்கெனவே உள்ள பிடியாணைக்கும் அது பொருந்தாது என்பதையும் அவர் மறைக்காமல் சொல்லுவார். அந்த நேர்மைக்காகவே சனம் அவரை நம்பியது.

கொத்துரொட்டிக் கடை அண்ணை கிட்டைக் காசு மேசைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படத் தொங்கவிட்டிருக்கிறார். போன மார்கழியில் பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தபோது, கடையில் கோப்பை கழுவுகிற மாணவன் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். இரண்டாவது மருந்துக்குத்தான் மூச்சு வந்தது. எழும்பியவர் போகப் பார்த்திருக்கிறார். நலொக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும், மூச்சு திரும்பவும் அடங்கலாம் என்பது வகுப்பில் கேட்டது. அவன் அதை நினைவில் வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பனிக்குள் அவரோடு இருந்திருக்கிறான். தம்பி, உன்னைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

கடைசியாக அக்காவுக்கு. முதல் இரண்டு வகுப்புக்கும் அவர் வரவில்லை. மூன்றாவதுக்கு வந்து பின்வரிசையில் இருந்தார். பார்மசித் தங்கச்சி அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு போய்க் குறட்டைக்கு வந்தபோது அக்கா எழும்பினார். "அது வழமையான குறட்டை மாதிரி இராது. தண்ணிக்குள்ளால வாற மாதிரி இருக்கும். கேட்டால் விளக்கை அணைச்சிட்டுப் போயிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அன்றைக்குக் கொண்டுவந்த கிட் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்புடனும் நன்றியுடனும்,
அவனுடைய சித்தி