பிள்ளைகளுக்கு முன்பாக நடந்து காட்டியவர்களுக்கு நன்றி

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியர்களே, பணியாளர்களே, பங்குச் சமூகத்தாரே,

வணக்கம். கல்வியாண்டு நிறைவுபெறும் இவ்வேளையில், நம் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள் ஒருவரையொருவர் மதித்துப் பழகவும், பள்ளியைத் தங்கள் வீடாக எண்ணி நடந்துகொள்ளவும் துணைநின்ற அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மதிப்பெண்களும் பரிசுகளும் எப்படியும் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடுகின்றன. உங்கள் உழைப்புக்கு அங்கே இடமில்லாததால் இதைத் தனி மடலாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி வாயிற்காவலருக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் உரியது. காலையில் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து வணக்கம் சொல்வது காவலரின் பணிப்பட்டியலில் இல்லை. அவராகவே தொடங்கினார். தொடக்கத்தில் தலைகுனிந்தபடி நழுவிய பிள்ளைகள், சில வாரங்களில் அவரை முந்திக்கொண்டு வணக்கம் சொல்லப் போட்டியிட்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள் காலைக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டதும் அதற்குக் குறைந்ததன்று. மாலையில் ஒரு வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை, மேசைக்கு அடியில் அப்பிய பசைத்தாள், மூலையில் குவிந்த பென்சில் சீவல், தண்ணீர் சிந்தி ஊறிய காகிதம் என்று ஒவ்வொன்றாக அவர்கள் விவரித்தபோது, யாரையும் குறை சொல்லவில்லை; ஆனாலும் மறுநாள் முதல் மேல்வகுப்புப் பிள்ளைகள் மணியடித்ததும் ஓடாமல் சீவலைக் கூட்டி அள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த அத்தனை ஒழுக்க விதிகளையும்விட அந்தச் சிறிய பேச்சுக்கு வலு அதிகம் என்பதே என் கணிப்பு.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் நன்றியில் அவர்களுடைய பொறுமைக்கே பெரும்பங்கு. இரு பிள்ளைகள் அடித்துக்கொண்டால், 'மன்னிப்புக் கேள்' என்று ஒருவரை அதட்டிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவது எளிது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, என்ன நடந்தது, யார் மனம் எதனால் நொந்தது, அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தீர்கள். சில நாள்களில் பாதிப் பாடவேளை இதற்கே போயிற்று என்பதையும் அறிவேன். 1877-இல், ஏழைச் சிறுவர்களின் கல்விக்காக உழைத்த இத்தாலியக் குருவான புனித தொன் போஸ்கோ தம் கல்விமுறையைப் பற்றி எழுதியபோது, தண்டனையை அல்ல, நியாயத்தையும் சமயத்தையும் கனிவான அன்பையுமே அதற்கு அடித்தளமாக வைத்தார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்று 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் வற்புறுத்தினார். அதைப் படித்துப் பாராட்டுபவர்கள் பலர். அடுத்த பாடத்துக்கான மணி அடிக்கும்போதும் கடைப்பிடிப்பவர்கள் சிலரே.

பெற்றோரே, பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் நீங்களே என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுகிறது. இவ்வாண்டு அதை நடைமுறையில் கண்டோம். பிறர் பிள்ளையின் குறையை வாட்ஸ்அப் குழுவில் பேசுவதில்லை, நேரில் வகுப்பாசிரியரிடம் மட்டுமே சொல்வது என்று நீங்களாகக் கூடி எடுத்த முடிவு, பள்ளியின் எந்தச் சுற்றறிக்கையாலும் சாதிக்க முடியாதது. பெரியவர்களின் பேச்சில் சூடு தணிந்ததும் பிள்ளைகளின் சச்சரவுகளும் குறைந்தன. வேறு சமயங்களைச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் செபவேளையில் உங்கள் பிள்ளைகள் காட்டிய அமைதியைப் பார்த்தே, கத்தோலிக்கப் பிள்ளைகள் பலரும் செபத்தின்போது ஒழுங்காக நிற்கக் கற்றார்கள்; உங்கள் திருநாள்களைப் பற்றி ஆவலுடன் கேட்கவும் செய்தார்கள்.

பங்குத்தந்தைக்கும் அருட்சகோதரிகளுக்கும் நன்றி. அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்பு வேண்டுவது ஆகிய மூன்றையும் குடும்ப வாழ்வுக்கு இன்றியமையாதவையாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே மாதப் பொது மறைக்கல்வி உரையில் எடுத்துரைத்தார். அவற்றைச் சிறு நாடகங்களாக்கி மழலையருக்கும் புரியவைத்தவர்கள் நீங்கள்.

இறுதி வகுப்பு மாணவர்களே, ஆளுக்கொரு முதல்வகுப்புப் பிள்ளையைப் பொறுப்பேற்றுக் கைபிடித்து அழைத்துவந்தீர்கள். விடைபெறும் முன், உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்காக நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளை வாசித்தேன். 'காலணிக் கயிறு அவிழ்ந்தால் சொல்ல மாட்டான், நீதான் பார்க்க வேண்டும்' என்கிறது ஒன்று. 'சத்தமாகப் பேசினால் அழுவாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசு' என்கிறது இன்னொன்று. ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களின் குறிப்பேடுகளிலும் இவ்வளவு கூர்மையை நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் குறிப்புகளை வகுப்பாசிரியர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். புதிய ஆண்டின் முதல் நாளிலேயே அவை உரியவர்களின் கைக்குப் போய்ச்சேரும். அன்று காலை வாயிலில் காவலருடன் நின்று புதிய பிள்ளைகளை வரவேற்க விரும்பும் பெற்றோர், விடுமுறைக்கு முன்பே அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை